பிரஷர் சாக்ஸ்

அபூ ஆதிஃப் காபியை வாயில் வைக்கவில்லை. கோப்பையை எனக்கு எதிரே கம்பளத்தின் மேல் வைத்துவிட்டு, கைகளைத் தொடையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தார். எங்கள் கரக் ஊரில் பிறந்தவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஏதோ கேட்க வந்திருக்கிறார். கேட்டது கிடைக்கும்வரை குடிக்க மாட்டார்.

இதே கம்பளத்தில் இதேபோல் அவர் கோப்பையை வைத்தது நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு. அன்று ஊர்ப் பெரியவர்கள் அவருடன் வந்திருந்தார்கள். தன் மகன் கஸ்ஸானுக்கு என் தம்பி மகள் ஹனாதியைக் கேட்டார். தம்பி ஸல்மான் இறந்த நாளிலிருந்து அவளுக்குப் பொறுப்பு நான்தான். கொடுப்பதாக நான் சொல்லும் முன் அவர் முறைப்படி, "பெண்ணுக்கு உடம்பில் ஏதாவது குறை உண்டா?" என்று கேட்டார். "தலைமுடியிலிருந்து கால் நகம்வரை எந்தக் குறையும் இல்லை, இது என் வார்த்தை" என்றேன். பேச்சு முடிந்ததற்கு அடையாளமாக எல்லோரும் பாத்திஹா ஓதினார்கள், காபி குடித்தார்கள். நிக்காஹ் எழுதுவதுதான் பாக்கி.

இன்று அவர் தனியாக வந்திருந்தார். சொல்லாமலும் வந்திருந்தார்.

"கேளுங்க, அபூ ஆதிஃப். காபி ஆறுது."

"கோவிச்சுக்கக் கூடாது, அபூ தியாப்."

"கேட்டப்புறம் பாத்துக்கலாம்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பொண்ணுக்கு பிரஷர் இருக்குன்னு தெரிய வந்துச்சு."

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. என் வீட்டுக்காரி கண்ணால பாத்துட்டு வந்தா. முட்டி வலிக்குத் தைலம் வாங்க மருந்துக் கடைக்குப் போயிருக்கா. கடைக்காரப் பொண்ணு ஹனாதிகிட்ட, 'நீங்க கேட்ட பிரஷர் சாக்ஸ் வந்திருச்சு'ன்னு ரெண்டு ஜோடி எடுத்துக் குடுத்திருக்கா. ஒண்ணு இல்ல, ரெண்டு! ஒரு ஜோடில அடங்காத பிரஷர்னா யோசிச்சுப் பாருங்க."

எங்கள் ஊரில் பிரஷர் என்றால் ஒரே பொருள்தான். உப்பில்லாத சாப்பாடு, காலையில் ஒரு மாத்திரை, எதற்கெடுத்தாலும் "கோவப்படாதீங்க" என்று சொல்லும் மனைவி. கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணுக்கு அது இருக்கிறது என்று பேச்சு கிளம்பினால், தெரிந்தே மறைத்துத் தலையில் கட்டினார்கள் என்றுதான் அடுத்த பேச்சு வரும்.

"அதோட விட்டுச்சா?" அவர் இன்னும் முடிக்கவில்லை. "காலைல பஸ்ஸ விட்டு இறங்கறப்பவே கறுப்புக் கண்ணாடி. கண்ணுல கோளாறு இல்லாதவ அந்த நேரத்துல எதுக்குக் கறுப்புக் கண்ணாடி போடணும்? கைல எப்பவும் அவ்வளவு பெரிய தண்ணி பாட்டில். சக்கரை வியாதிக்காரங்கதான் அப்படிக் குடிப்பாங்க. எங்க அத்தை குடிச்சா. கடைசில கால எடுத்தாங்க."

"உங்க வீட்டு ஜன்னல் பஸ் நிக்கற இடத்தப் பாத்துதான் இருக்குபோல."

"ஜன்னல் எங்கப்பா வெச்சது. அத நான் என்ன பண்ண?"

"இப்ப என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒரு டாக்டர் சீட்டு. பொண்ணு நல்லா இருக்கான்னு ஒரு வரி. அவ்வளவுதான். என் வீட்டுக்காரி வாய மூடணும்ல?"

என் கோபத்தை அவர் பார்க்கும்படி நான் விடவில்லை. எங்கள் வீட்டில் கொடுத்த வார்த்தைக்குப் பக்கத்தில் சீட்டு வைத்த வழக்கமில்லை. இரண்டு குலத்தாருக்கு நடுவே ரத்தப் பகையை என் தகப்பனார் வெறும் வாய்வார்த்தையால் முடித்து வைத்தார். அவருடைய மகன் ஒரு காலுறைக்காக டாக்டரிடம் கையெழுத்து வாங்குவதா? ஆனால் வெளியே போ என்று சொல்லிவிட்டால் அதோடு கல்யாணம் போகும். ஹனாதிக்கு வியாதி இருந்ததால்தான் போயிற்று என்று ஊர் முடிவு செய்துவிடும்.

"வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு வாங்க. வீட்டுக்காரியையும் மகனையும் கூட்டிட்டு வாங்க. பதில் இருக்கும். இப்ப குடிங்க."

அவர் குடித்தார். அடுத்த ஊற்று வேண்டாம் என்று கோப்பையை ஆட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஹனாதி மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாதத்தில் பாதிக்கு மேல் இரவு வேலை. தாயும் மகளும் எங்கள் மாடியில் இருக்கிறார்கள். அவள் பகலில் தூங்கும்போது நாங்கள் கீழே கதவைக்கூடப் பார்த்துத்தான் சாத்துவோம். அவளுடைய பை மாடிப்படி ஓரத்து ஆணியில் தொங்கும். அன்று மாலை அதன் எதிரே நின்று வெகுநேரம் பார்த்தேன். பக்கத்துப் பையில் தண்ணீர் பாட்டில். அதன்மேல் யாரோ பேனாவால் கோடு கோடாகப் போட்டிருந்தார்கள். வாரில் கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தது. கீழே வெள்ளைக் காலணி. இத்தனை நாள் அந்த வழியாக ஏறி இறங்கியவன், அந்தக் கோடுகள் எதற்கு என்று யோசித்ததில்லை. பையின் உள்ளே என்ன இருக்கும்? திறக்கவில்லை. பெண்பிள்ளையின் பையில் கைவிடும் ஆண் எங்கள் வீட்டில் பிறந்ததில்லை.

"அவளையே கேட்டா என்ன?" என்றாள் என் மனைவி உம் தியாப். "வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

"தம்பி பொண்ணுகிட்டப் போய் பெரியப்பன் சாக்ஸ் பத்திக் கேக்கறதா? நல்லா இருக்கு."

"சரி, நான் அவ அம்மாகிட்ட கேக்கறேன்."

"அவ உடனே அழுவா. அழுதா தெருவே வந்து நிக்கும். நீ சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். நீங்கதான் பைய முறைச்சுப் பாத்துட்டு நிக்கறீங்க. அது ஒண்ணும் பதில் சொல்லாது."

மறுநாள் பக்கத்து ஊரான மஸாருக்குப் பஸ் ஏறினேன். எங்கள் ஊர் மருந்துக் கடைக்குப் போயிருந்தால், பெரியவருக்கும் பிரஷர் என்று மாலைக்குள் அபூ ஆதிஃபின் ஜன்னலுக்குச் செய்தி எட்டியிருக்கும். மஸாரில் என்னைத் தெரிந்தவர் குறைவு. கடையில் கண்ணாடி போட்ட சின்னப் பெண் ஒருத்தி இருந்தாள்.

"பிரஷர் சாக்ஸ் இருக்கா?"

"இருக்கு ஹாஜி. யாருக்கு?"

"எனக்கு."

"முட்டி வரைக்குமா, தொடை வரைக்குமா?"

இப்படி ஒரு கேள்வியை ஒரு பெண் என்னிடம் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "முட்டி" என்றேன்.

அவள் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தாள். "அங்கிய கொஞ்சம் தூக்குங்க. கணுக்கால், கெண்டைக்கால் ரெண்டும் அளக்கணும். அளவு தப்பா இருந்தா போட்டும் பிரயோஜனம் இல்ல."

"நாடாவக் குடும்மா. நானே அளக்கறேன்."

மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருந்த மூலையில் சுவரைப் பார்த்து நின்று அளந்து, எண்ணை அவளிடம் சொன்னேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு பெட்டியை எடுத்தாள்.

"பிரஷருக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா ஹாஜி?"

"எனக்கு பிரஷரே கிடையாது."

"அப்ப நல்லதுதான். இதுக்கும் அந்த பிரஷருக்கும் சம்பந்தம் இல்ல. இது கால அமுக்கிப் பிடிக்கற பிரஷர். ரொம்ப நேரம் நின்னா ரத்தமெல்லாம் கீழ இறங்கி நிக்கும்ல, அதை மேல தள்ளி விடும். எங்ககிட்ட வாங்கறதெல்லாம் நர்ஸுங்க, டீச்சருங்க, முடி வெட்டறவங்க. நீங்க நிக்கற வேலையா?"

"துக்க வீட்ல நிப்பேன்" என்றேன். யோசிக்காமல் வந்த பதில் அது. ஆனால் உண்மை. எங்கள் குலத்தில் யார் இறந்தாலும் வாசல் வரிசையில் முதல் ஆளாக நின்று கை கொடுப்பவன் நான். நாற்காலி போடுவார்கள். நான் உட்கார்ந்ததில்லை.

"காலைல கட்டில விட்டு இறங்கறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க. கால் வீங்கினப்புறம் ஏறாது."

அவள் சொன்ன விளக்கத்தோடு திரும்பி வந்திருக்கலாம். ஆனால் மருந்துக் கடைப் பெண் சொன்னாள் என்று அபூ ஆதிஃபிடம் போய் நான் சொல்ல முடியாது. என் வாயிலிருந்து வருவது எனக்கே தெரிந்ததாக இருக்க வேண்டும். அதைவிட, பெட்டியைக் கையில் வாங்கியதிலிருந்து எனக்கே ஆவல் வந்துவிட்டது. இத்தனை சின்னத் துணி எப்படி ரத்தத்தை மேலே தள்ளும்?

புதன்கிழமை அதற்கு ஒரு வழி அமைந்தது. முந்தின இரவு பெரிய வீட்டு ஹாஜி முக்லித் இறந்துபோயிருந்தார். துக்க வீட்டின் முதல் நாள். விடிந்ததும் கட்டிலில் உட்கார்ந்தபடியே அந்தக் காலுறையோடு மல்லுக்கு நின்றேன். பாதத்தின் பாதியில் நின்றுகொண்டு மேலே ஏற மறுத்தது. உம் தியாப் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள்.

"எந்த ஊருக்குப் படை எடுக்கறீங்க?"

"பேசாம இரு."

"இழுத்தா வராது. இங்க குடுங்க." வாங்கி, உள்பக்கம் வெளியே வரும்படி குதிகால்வரை திருப்பினாள். சோறு அடைப்பதற்கு ஆட்டுக் குடலைக் கழுவித் திருப்புவாளே, அதே கைவாகு. பாதத்தை நுழைத்துவிட்டு, "இப்ப மெதுவா மேல உருட்டுங்க" என்றாள். ஏறிவிட்டது. காலை யாரோ இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பது போல் இருந்தது.

"ஹனாதி தினமும் இதத்தான் பண்றாளா?" என்று கேட்டேன்.

"அவகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

நண்பகல் தொழுகை லுஹர் முடிந்ததிலிருந்து நின்றேன். கரக், மஸார், கஸ்ர், எல்லா இடத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வழக்கமாகச் சாயங்காலத் தொழுகை அஸருக்குள் என் கால் ஈயம் ஊற்றினாற்போல் கனக்கும். இரவு வீடு திரும்பினால் உம் தியாப் வெந்நீர்ப் பாத்திரத்தோடு நிற்பாள். அன்று பொழுது சாய்ந்து மஃரிப் ஆனது, இரவுத் தொழுகை இஷாவும் ஆனது. என்னைவிட இளையவர்கள் ஒவ்வொருவராக நாற்காலிக்குப் போனார்கள். நான் நின்றேன். வீட்டுக்கு நடந்தே வந்தேன். வெந்நீர் வேண்டாம் என்றதும் உம் தியாப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

படுத்த பிறகும் தூக்கம் வரவில்லை. காலுறைக்கு இப்படி ஒரு காரணம் இருக்குமானால் கறுப்புக் கண்ணாடிக்கு? பாட்டிலில் போட்ட கோடுகளுக்கு?

வியாழக்கிழமை காலை வாசலில் மாதுளைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். ஈரம் படாமல் அங்கியைச் சற்றுத் தூக்கிச் செருகியிருந்தேன். அப்போதுதான் ஹனாதி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே நின்றாள்.

"பெரியப்பா, கால்ல என்ன அது?"

"சாக்ஸ்."

"என்னோடதா?"

"உன்னோடத நான் ஏன் எடுக்கறேன்? மஸார்ல வாங்கினேன்."

"எதுக்கு?"

"தெரிஞ்சுக்கறதுக்கு."

அவள் சிரித்தாள். இரவு முழுதும் நின்றுவிட்டு வந்தவள், கல் மேசை ஓரத்தில் சாய்ந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். "மேல மடிச்சு விட்டிருக்கீங்க பாருங்க, அப்படிச் செய்யக் கூடாது. மடிச்ச இடம் கயிறு மாதிரி இறுக்கிடும். பிரிச்சு விடுங்க."

பிரித்து விட்டேன். பிறகு, மாதுளையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "உனக்கு பிரஷர் இருக்கா?"

"நெறையா இருக்கு. எல்லாம் வார்டுல. நேத்து ரெண்டு பேர் வரல, கட்டில் ஒண்ணுகூட காலி இல்ல." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றினாள். "இது உங்க கேள்வி இல்ல. யாரு கேட்டாங்க?"

மறைத்துப் பேசுவது என் வழக்கமில்லை. சொன்னேன். காலுறை, கண்ணாடி, தண்ணீர், டாக்டர் சீட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது.

"கஸ்ஸானுக்கு இது தெரியுமா?"

"தெரியாதுன்னு நினைக்கறேன்."

அவள் தோளிலிருந்து பையை இறக்கி, கல் மேசையின்மேல் அப்படியே கவிழ்த்தாள். "இந்தாங்க. எனக்கு இருக்கற வியாதி எல்லாம் இதுதான். நல்லாப் பாத்துக்கங்க."

பார்த்தேன். ஒரு சின்ன டார்ச். நாலு நிறம் எழுதும் பேனா, அதன்மேல் பிளாஸ்திரி சுற்றி வைத்திருந்தது. மழுங்கல் முனைக் கத்தரிக்கோல். கைக்குப் பூசும் களிம்பு. பல் தேய்க்கும் பிரஷ். வெள்ளரிக்காயும் கட்டித் தயிரும் வைத்த டப்பா, பாதி மீந்திருந்தது. மிக நீளமான ஒயர் ஒன்று. சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு கடிகாரம். அதில் எண்கள் தலைகீழாகத் தொங்கின.

"இது ஏன் தலைகீழா இருக்கு?"

"குனிஞ்சு பாத்தா எனக்கு நேராத் தெரியும். ஒரு கையால நாடி பிடிச்சிருப்பேன். கைல கடிகாரம் கட்டினா அழுக்கு சேரும், கழுவ முடியாது." கோபமாகத்தான் பதில் சொன்னாள்.

"டார்ச் எதுக்கு? வார்டுல விளக்கு இல்லையா?"

"விளக்கப் போட்டா எல்லாரும் எழுந்திருவாங்க. கட்டிலுக்குக் கீழ அடிச்சா போதும், அந்த வெளிச்சத்துல மூச்சு விடறது தெரியும். முகத்துல அடிக்கவே கூடாது."

"பல் தேய்க்கற பிரஷ்?"

"விடியறதுக்கு முன்னாடி ஒரு நேரம் வரும் பெரியப்பா, கண்ண யாரோ கீழ இழுக்கற மாதிரி. அப்ப பல் தேய்ச்சா புதுசா எழுந்த மாதிரி இருக்கும்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவளும் எதிரே உட்கார்ந்தாள். பாட்டிலில் கோடு எதற்கென்றால், ஓடிக்கொண்டே இருப்பதில் குடிக்க மறந்துபோகிறதாம். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் தண்ணீர் ஒரு கோடு இறங்கியிருக்க வேண்டும். போன வருஷம் கூட வேலை பார்க்கும் பெண்ணுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்துவிட்டதாம். காலணியைக் கடையிலேயே போட்டு நடந்து பார்த்துத்தான் வாங்குவாளாம். சத்தம் வந்தால் வேண்டாம், நோயாளி விழித்துக்கொள்வார். நீளமான ஒயர் அவளுக்கே உதவுவதில்லை. கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள், போன் செத்துப் போனால் வீட்டுக்குச் சொல்ல முடியாதே. கறுப்புக் கண்ணாடி வீடு திரும்புவதற்கு மட்டும். காலை வெயில் கண்ணில் பட்டால் விடிந்துவிட்டது என்று உடம்பு நம்பிவிடும், பிறகு தூக்கம் வராது.

"பேனால பிளாஸ்திரி?"

"அவசரத்துல பிளாஸ்திரி தேடறதுக்கு நேரம் இருக்காது. பேனா எப்பவும் பாக்கெட்ல இருக்கும்."

இவ்வளவு யோசனை ஒரு பைக்குள் என் படியோரம் தொங்கியிருக்கிறது. கத்தரிக்கோலை எடுத்து அதன் முனையை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஏன் மழுங்கல் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவள் எல்லாவற்றையும் பைக்குள் அள்ளிப் போட ஆரம்பித்துவிட்டாள்.

"சீட்டு வேண்டாம் பெரியப்பா. இன்னைக்கு சீட்டு குடுத்தா நாளைக்குத் தலைவலின்னாலும் சீட்டு கேப்பாங்க. சீட்டு இல்லாம முடியாதுன்னா விட்டுடுங்க."

"விட்டா ஊர் என்ன பேசும் தெரியுமா?"

"பிரஷர்னு பேசும்." எழுந்தாள். கண் கலங்கியிருந்ததா, தூக்கக் கலக்கமா என்று எனக்குத் தெரியவில்லை. "ஆனா கஸ்ஸானுக்குத் தெரியாதுன்னா... சரி. நான் போய்த் தூங்கறேன்."

'விட்டுடுங்க' என்று வாய் சொன்னது. விட அவளுக்கு மனமில்லை. அதை நான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மூவரும் வந்தார்கள். அபூ ஆதிஃப் முன்னால், அவர் மனைவி உம் ஆதிஃப் அவருக்குப் பின்னால், கடைசியில் கஸ்ஸான். அவன் ஆண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வந்த விஷயம் அவனுக்கு வழியில்தான் தெரிந்ததுபோல, காது சிவந்திருந்தது. ஹனாதி இரவு வேலை முடித்து மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சீட்டு தயாரா?" என்றார் அபூ ஆதிஃப்.

"சீட்டு கிடையாது. அன்னைக்குக் குடுத்த வார்த்தை இருக்கு. அது இன்னைக்கும் அதேதான்."

"வார்த்தை சரி ஹாஜி," என்றாள் உம் ஆதிஃப். "என் காதுல விழுந்த பிரஷர் சாக்ஸுக்கு என்ன சொல்றீங்க?"

நான் எழுந்து நின்றேன். அந்த அறையில் என் தகப்பனாரின் வாள் தொங்குகிறது. அங்கே இதுவரை யாரும் என் கணுக்காலைப் பார்த்ததில்லை. அங்கியின் விளிம்பைப் பிடித்து முழங்கால்வரை தூக்கினேன். மணல் நிறத்தில் காலுறை பளபளத்தது. மடிக்காமல் சரியாகப் போட்டிருந்தேன்.

உம் ஆதிஃப் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டாள். அபூ ஆதிஃப் முன்னால் குனிந்து பார்த்தார். "உங்களுக்கும் பிரஷரா?"

"எனக்கு பிரஷர் இருந்திருந்தா திங்கக்கிழமை உங்க கேள்வியக் கேட்டப்பவே உயிர் போயிருக்கும். இது நிக்கறவங்க போடற சாக்ஸ். முக்லித் வீட்டு துக்கத்துல இஷா வரைக்கும் நின்னேனா இல்லையா?"

"நின்னீங்க. பேசிக்கிட்டாங்க."

"நீங்க எப்ப உக்காந்தீங்க?"

"அஸருக்கு" என்றார் குரல் இறங்கி.

அங்கியை இறக்கி உட்கார்ந்தேன். கறுப்புக் கண்ணாடியைச் சொன்னேன். பாட்டில் கோடுகளைச் சொன்னேன். எங்கள் குலத்தின் தலைமுறை வரிசையை எப்படிச் சொல்வேனோ, அப்படி ஒன்றுகூடத் தடுமாறாமல் சொன்னேன். கேட்காத டார்ச்சையும் சேர்த்துச் சொன்னேன். அபூ ஆதிஃப் தலையாட்டிக்கொண்டே வந்தார். உம் ஆதிஃப் மட்டும் விடவில்லை.

"எல்லாம் சரி. இந்த வேகாத வெயில் மாசத்துல பொண்ணு கைல கம்பளிச் சட்டை எதுக்கு? ரத்தம் கம்மியா இருக்கறவங்களுக்குத்தான் குளிரும்."

இதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. ஆனால் பதில் இல்லாமல் நான் இருந்ததில்லை. "ஆஸ்பத்திரில ஏசி போடுவாங்க."

"இல்ல மாமா, ஏசி ரிப்பேர்" என்றான் கஸ்ஸான். அன்று அவன் முதல்முதலாக வாய் திறந்தது அப்போதுதான். "ராத்திரி தூங்காம இருந்தா விடியறதுக்கு முன்னாடி உடம்பு தானா குளிர்ந்துடும். யாருக்கா இருந்தாலும். அதுக்குத்தான் அந்தச் சட்டை. அது போட்டாதான் பேனா பிடிக்கவே கை வரும்."

மிக மெதுவாக அவன் பக்கம் திரும்பினேன்.

"ஏசி ரிப்பேர்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"கேக்கறேன்ல?"

"போன்ல... அவங்களுக்கு இடைவேளை விடறப்ப. கண்ணக் கட்டற நேரம்னு சொன்னாங்க. யாராவது பேசிட்டிருந்தா முழிப்பு இருக்கும்னு..."

"அவ முழிச்சிருக்கணும்னு நீ முழிச்சிருக்கியா?"

அபூ ஆதிஃப் தொடையில் அறைந்துகொண்டார். "அட பாவி! கிளாஸ்ல தூங்கி விழறான்னு ஹெட்மாஸ்டர் சொன்னாரே, அதுக்கு இதுதான் காரணமா? நான் உனக்கு ரத்தம் கம்மின்னு ஈரல் வாங்கிப் போட்டுட்டிருக்கேன்!"

நிக்காஹ் எழுதாத பெண்ணோடு ராத்திரிப் பேச்சு. அதுவும் என் கூரையின் கீழ் இருக்கும் பெண்ணோடு. முழங்காலிலிருந்து தலைவரை எனக்குச் சூடு ஏறியது. பேசியது என் வீட்டுப் பெண்ணும்தான், அது எனக்குத் தெரியாமல் இல்லை. அவளை நான் பிறகு பார்த்துக்கொள்வேன். ஆனால் இந்த நிமிஷம்வரை கேள்வி கேட்டவர் அபூ ஆதிஃப். இனி கேட்க வேண்டியவன் நான். அது அவருக்கும் புரிந்தது. தாடியைத் தடவிக்கொண்டு கம்பளத்தைப் பார்த்தார்.

"வர்ற வியாழக்கிழமை நிக்காஹ் எழுதணும்" என்றேன். "அதுக்கு மேல ஒரு நாள் தள்ளக் கூடாது."

"எழுதிடலாம்" என்றார், நான் முடிக்கும் முன்பே.

உம் ஆதிஃப் மட்டும், "எழுதலாம். ஆனா அந்த நைட் டியூட்டிய விட்டுடச் சொல்லுங்க ஹாஜி. இத்தனை சாமான் இருந்தாதான் பாக்க முடியும்னா அது என்ன வேலை?" என்றாள்.

திங்கட்கிழமை யாராவது கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். "அதுக்குப் பதில் சொல்ல வேண்டியவ மாடில தூங்கறா."

"எழுப்புங்களேன்."

"எழுப்ப மாட்டேன். இன்னைக்கு ராத்திரியும் அவளுக்கு வார்டு இருக்கு. இருந்து கேட்டுட்டுப் போங்க."

இருந்தார்கள். குரலைத் தாழ்த்திப் பேசினோம். பிறகு பேசவே இல்லை. உம் தியாப் மரமியா என்ற வாசனை இலை போட்ட தேநீர் கொண்டு வந்தாள், கரண்டி கிண்ணத்தில் படாமல் கலக்கினாள். அபூ ஆதிஃபின் போன் கத்தியது. எங்கள் வீட்டார் யாரும் அசையும் முன்பே உம் ஆதிஃப் பாய்ந்து அதைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். அஸர் பாங்கு சொன்னபோது ஆண்கள் அங்கேயே தொழுதோம்.

கடைசியில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கன்னத்தில் தலையணை மடிப்புப் பதிந்திருக்க, முக்காட்டை அவசரமாகச் சுற்றிக்கொண்டு ஹனாதி வந்தாள். வரிசையாக உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்ததும் நின்றாள்.

"யாராவது செத்துட்டாங்களா?"

"வியாழக்கிழமை உன் நிக்காஹ்" என்றேன். "கஸ்ஸான் எல்லாத்தையும் சொல்லிட்டான். அதப் பத்தி அப்புறம் பேசறேன்."

அவள் கஸ்ஸானைப் பார்த்தாள். அவன் தன் கால் விரல்களைப் பார்த்தான்.

உம் ஆதிஃப் தன் கேள்வியைக் கேட்டாள். நல்லவிதமாகத்தான் கேட்டாள். ஹனாதி நேரே என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பதில் அவளுக்கு, ஆனால் பார்வை என்மேல் இருந்தது.

"நைட் டியூட்டிய எப்ப விடணும்னு நான்தான் சொல்லுவேன் அத்தை. அத நிக்காஹ்லயே எழுதணும். எழுதினா வியாழக்கிழமை சரி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வார்த்தை போதும், எழுத்து எதற்கு என்று நாலு நாளாகச் சொல்லிவந்தவன் நான். ஆனால் என் வார்த்தை நான் இருக்கும்வரைதான் அவளுக்குக் காவல். நிக்காஹ் பத்திரத்தில் எழுதினால் எனக்குப் பிறகும் நிற்கும்.

"எழுதறவர் முன்னாடி நானே சொல்றேன்" என்றேன். "எழுத்து தெளிவா இருக்கணும்."

அபூ ஆதிஃப் மனைவியைப் பார்த்தார். அவள் பெருமூச்சு விட்டாள், தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து அவரிடம் கொடுத்தாள். "எழுதுங்க. ஆனா அந்தக் கம்பளிச் சட்டையப் பாத்தேன், முழங்கையில நூல் விட்டுப் போச்சு. நான் ஒண்ணு பின்னித் தரேன்."

"பாக்கெட் பெருசா வெச்சுப் பின்னும்மா" என்றான் கஸ்ஸான். "டார்ச் வைக்கணும், அப்புறம் அந்தப் பேனா..."

"நீ பேசாதே" என்றோம் நானும் அபூ ஆதிஃபும், ஒரே நேரத்தில்.